இரண்டு கதவுள்ள கூடம்

கிரீன்லாந்திலிருந்து திரும்பி வந்த கொன்ராட் சகோதரர் என் அடுக்களை மேசையில் உட்கார்ந்து அந்த உத்தரத்தைப் பற்றிச் சொன்னபோது நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லி முடிக்கும்வரை உரித்துக்கொண்டே இருந்தேன்.

“பைன் மரம்மா. கரையில ஒதுங்கிக் கெடந்தது. ஒரு பக்கம் உளியால வெட்டின குறி. கோடு, கோடு, குறுக்கால ஒண்ணு. கடைசிக் கோட்டை மட்டும் வால் மாதிரி வளைச்சு விட்டிருந்தது. நம்ம ஊர்ல வேற யாரு அப்படி வெட்டுவா?”

“அவர்தான்” என்றேன்.

“மரமே மொளைக்காத கரை. ஒரு சுள்ளி ஒதுங்கினாலும் ஆளுங்க ஓடி வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. இதை எங்ககிட்டக் கொண்டுவந்து குடுத்தாங்க. கூரைக்குப் போட்டுட்டோம். தப்பா நெனச்சுக்காத.”

“மத்த மரமெல்லாம்?”

“அது ஒண்ணுதான் வந்தது.” அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். “மேல்தட்டுல கட்டியிருந்ததைப் புயல்ல அறுத்து விட்டிருப்பாங்களோ என்னவோ. கப்பல் லேசாகட்டும்னு அப்படிச் செய்வாங்க.”

“செய்வாங்களா?”

“செய்வாங்க” என்றார், பட்டாணியைப் பார்த்து.

அவர் போன பிறகு பட்டாணியை அடுப்பில் ஏற்றினேன். வெந்தது. சாப்பிட்டேன். உப்புப் போட்டேனா என்று ஒரு தடவை யோசித்தது நினைவிருக்கிறது.

நிஸ் என் கணவர், தச்சர். எங்கள் மொரேவியக் கிறிஸ்தவ சபை கிரீன்லாந்துக் கரையில் ஜெபத்துக்கு ஒரு கூடம் கட்ட நினைத்தபோது, அங்கே மரமில்லாததால், எல்லாவற்றையும் ஷ்லெஸ்விக்கில் எங்கள் ஊரிலேயே அறுத்து இழைத்தார்கள். ஓடையோரத்து மேய்ச்சல் நிலத்தில் ஒரு முறை முழுக்கூடத்தையும் நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு மரத்திலும் குறி வெட்டி, பிரித்து, கட்டி, கப்பலில் ஏற்றினார்கள். பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரிந்த ஒருவர் கூடவே போக வேண்டும். நிஸ் போனார். அது போன ஆண்டுக்கு முந்தைய வசந்தம். அந்தக் கப்பல் எந்தக் கரைக்கும் போய்ச் சேரவில்லை.

அந்தச் சின்னக் கூடம் மேய்ச்சல் நிலத்தில் நின்ற நாட்களில் ஊர்ப் பெண்களெல்லாம் பார்க்கப் போனோம். சுவருக்குப் பலகை இன்னும் அடிக்கவில்லை. சட்டங்கள் மட்டும், நடுவில் புல். ஆனாலும் கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு. பக்கத்து வீட்டு ஸ்டீனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏன் நிஸ் அண்ணே, அந்தப் பனியில ரெண்டு கதவா? ஒண்ணைத் திறந்தாலே எல்லாரும் வெறைச்சுப் போயிருவாங்களே!”

“ரெண்டு கதவு இல்லேன்னா அது கூடமில்ல, வைக்கோல் கொட்டகை” என்றார் நிஸ், வாயில் ஆணியோடு.

“அப்ப அங்கேயும் புருசன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம்தானா? பாவம், குளிருக்கு ஒட்டி உட்காரக்கூட விடமாட்டீங்க.”

சிரிக்காதவர் யாருமில்லை. ஸ்டீனா ஆண்கள் கதவு வழியாக நுழைந்து பெண்கள் கதவு வழியாக வெளியே ஓடிவந்தாள். சுவரே இல்லாத கட்டடத்தில் அவள் கதவு தேடி ஓடியதற்கு இன்னொரு முறை சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் சொந்தக் கூடம் பெரியது. முதலில் வந்து குடியேறியவர்கள் தங்கள் வீடுகளுக்கு ஓடு போடுமுன் இதற்குக் கூரை போட்டார்கள். ஊர் பெருத்தபோது இரண்டு புறமும் நீட்டினார்கள்; நீட்டிய இடத்தில் தரைப்பலகையின் நிறம் கொஞ்சம் மாறும். அவ்வளவு அகலத்துக்கு ஒரு தூண்கூடக் கிடையாது. பாரத்தையெல்லாம் மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன என்று நிஸ் சொல்வார். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு வெள்ளைக் கூரை சும்மா நிற்பது போலிருக்கும். சிலுவை இல்லை, படம் இல்லை, மேடை இல்லை. நீளச் சுவரின் நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. சுவர் வெள்ளை, பெஞ்சு வெள்ளை, தரையில் தூவிய மணலும் வெள்ளை. வெயில் நாளில் உள்ளே நுழைந்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது.

அதில் எங்கே உட்காருகிறோம் என்பதை வைத்துத்தான் நாங்கள் யாரென்று தெரியும். பெண்கள் பக்கத்தில் முன்னால் சிறுமிகள், குல்லாவின் நாடா சிவப்பு. அடுத்தது மணமாகாத சகோதரிகள், இளஞ்சிவப்பு. பிறகு நாங்கள், மணமானவர்கள், நீலம். சன்னலோரம் விதவைகள், வெள்ளை. அவர்களுக்குத் தனி வீடும் உண்டு, கூடத்துக்கு எதிரே. நாடாவை மாற்றினால் பெஞ்சு மாறும், வீடு மாறும். ஒருவர் போனால் கூடத்துக் கூரை மேலிருந்து கொம்பு ஊதுவார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ராகம். எங்கள் சபையில் யாரும் சாவதில்லை. வீட்டுக்குப் போகிறார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

போன பனிக்காலத்தில் ஒரு காலை மணமான சகோதரர்களின் ராகம் கேட்டது. ஓடு வேய்கிறவர் ஒருவர் காய்ச்சலில் போயிருந்தார். அது எனக்குத் தெரியாது. நான் கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் போனவர்கள் நின்று என் வேலியைப் பார்த்தார்கள். ராகம் முடியும்வரை நான் நினைத்தது ஒன்றே ஒன்று: சரி, நிஸ்ஸுக்கு ஊதிவிட்டார்கள். இனி யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். பிறகு ஸ்டீனா ஓடிவந்து, “அது ஓட்டுக்கார அண்ணன்டீ, பயப்படாதே, நிஸ் இல்ல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கை சூடாக இருக்கிறது, நல்ல அறிகுறி என்றாள். கோழிகள் காலைச் சுற்றி நின்றன. மீதித் தீவனத்தையும் போட்டேன்.

எனக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அன்று தெரிந்ததுதான். நான் நிஸ்ஸுக்காகக் காத்திருப்பதாக ஊர் நினைத்தது. நான் எதற்கும் காத்திருக்கவில்லை. ஆனால் வெள்ளை நாடாவை நானே எடுத்துக் கட்டினால் நிஸ்ஸைக் கொன்றவள் நான் என்று ஆகும். கடல் கொல்லட்டும், அரசரின் கப்பல்காரர்கள் சொல்லட்டும், சபை சொல்லட்டும். நான் மட்டும் சொல்லக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கொன்ராட் வந்துபோன மறுநாளே ஸ்டீனா வந்தாள். தேன் ரொட்டி கொண்டுவந்திருந்தாள். பேச வந்தால் எதையாவது கொண்டுவருவாள்.

“தம்பதியர் விருந்து அடுத்த வாரம்” என்றாள். “என் பக்கத்துலதானே உட்காருவ?”

“உட்காருவேன்.”

“இல்ல, சிலர் பேசறாங்க. உத்தரம் வந்துடுச்சு, இனிமே அவளுக்குத் தம்பதியர் பெஞ்சுல என்ன வேலைன்னு. நான் வாயை மூடுங்கடீன்னு சொன்னேன். ஒரு கட்டை வந்தா ஆள் போயிட்டான்னு அர்த்தமா? என் மாமனார் மூணு வருசம் கழிச்சு வந்தார், கிளியோட.”

“கிளியோடவா?”

“கிளியோட. அது டச்சுல திட்டும். ஜெபம் பண்றப்போ துணியப் போட்டு மூடணும்.” அவள் என் முகத்தைப் பார்த்தாள். “சிரிடீ. இதுக்குக்கூடச் சிரிக்க மாட்டியா?”

சிரித்தேன். அவளுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது.

“மெத்தா, நீ அழவும் மாட்டேங்கற. உன்னைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. உனக்குள்ள என்னதான் நடக்குது?”

அவள் கேட்டதும் உள்ளே பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன், ஒரு அறையின் கதவைத் திறந்து பார்ப்பது போல. பெஞ்சுகளை எடுத்துவிட்டு மணல் தூவிய கூடம் போல இருந்தது. “ஒண்ணுமில்ல” என்றேன். அவள் நான் மறைக்கிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு, ரொட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

விதவைகள் வீட்டை நடத்தும் பெனிக்னா அம்மா சனிக்கிழமை கூடம் கழுவும்போது என்னிடம் வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். நான் முழங்கால் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் சன்னலோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“மூப்பருங்க உன் விசயத்தை இரட்சகர்கிட்டச் சீட்டுப் போட்டுக் கேக்கப்போறாங்க. லோரென்ட்ஸ் மூப்பர் சொன்னார். உனக்குச் சம்மதமா?”

“சம்மதம்.”

“ரொம்ப சீக்கிரம் சொல்லிட்ட.”

“எங்க கல்யாணமும் சீட்டுல வந்ததுதானே அம்மா.”

“எல்லாருக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரரை நான் முதமுதலாப் பார்த்தப்போ, இரட்சகரே, இந்த மூக்கோடயா நான் காலம் தள்ளணும்னு கேட்டேன். அப்புறம் மூக்கு பழகிப்போச்சு.” அவர் காலை நீட்டினார். “சரி, ‘ஆம்’னு வந்தா எங்க வீட்டுக்கு வருவ. அடுப்போரக் கட்டில் ஒண்ணு காலியா இருக்கு. ராத்திரி குறட்டை விடுவியா?”

“தெரியல. நிஸ் சொன்னதில்ல.”

“நல்ல மனுசன்.”

தேய்ப்பதை நிறுத்தினேன். “அம்மா, எனக்கு அழுகையே வரல. வெள்ளை நாடா கட்டிட்டு, அழாம, எல்லார் முன்னாடியும் எப்படி உட்காருறது?”

“அட, அதுதான் விசயமா?” அவர் சிரித்தார். “என் வீட்டுல இருக்கறவங்கள்ல பாதிப் பேரு அழாமத்தான் வந்தாங்க. ஒருத்தி வந்த அன்னிக்கே மூணு தட்டுக் கஞ்சி குடிச்சா. இன்னொருத்தி புருசன் போயி ஏழு வருசம் கழிச்சு, முள்ளங்கி நறுக்கறப்போ அழ ஆரம்பிச்சா, ரெண்டு நாள் நிறுத்தல. கட்டிலும் அடுப்பும் புருசன் இல்லாதவளுக்குக் குடுக்கறது. கண்ணீருக்குக் கூலியா குடுக்கறதில்ல.”

அந்தக் கட்டில் எனக்கு வேண்டும் என்று அப்போது தெரிந்தது. வலி மாதிரி இல்லை, ஆசை மாதிரியும் இல்லை. குளிர்ந்த பாதத்தைக் கம்பளிக்குள் இழுத்துக்கொள்வது போல ஒன்று. சீட்டு ‘ஆம்’ என்று வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிஸ் போய்விட்டார் என்று வரட்டும் என்று. அதை அப்படியே வார்த்தையாக நினைத்தபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூடத்துக்குப் பின்னால் மூப்பர்களின் அறை. லோரென்ட்ஸ் ஐயா எனக்கு நாற்காலி போட்டார். பெனிக்னா அம்மா பெண்கள் சார்பில் சுவரோரம் நின்றார். இன்னும் மூன்று மூப்பர்கள். மேசையில் மரக்கிண்ணம், அதில் மூன்று சீட்டு. ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை, ஒன்றில் எதுவுமில்லை. பாட்டு, ஜெபம். பிறகு லோரென்ட்ஸ் ஐயா கேள்வியை வாசித்தார்: மெத்தா சகோதரியை விதவையர் வகுப்பில் சேர்ப்பது இரட்சகரின் சித்தமா?

அவர் கையைவிட்டு எடுத்துப் பிரித்தார். திருப்பிப் பார்த்தார். எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வைத்தார். இரண்டு பக்கமும் வெள்ளை.

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். அவர்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. காத்திருப்பதில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை.

“இரட்சகர் இப்ப பேச விரும்பல” என்றார் லோரென்ட்ஸ் ஐயா அன்பாக. “பொறுத்திருக்கச் சொல்றார். அடுத்த கப்பல் வரைக்கும் பார்ப்போம்மா. அதுவரைக்கும் உன் வீடு, உன் நாடா, உன் இடம். விருந்துக்கு வா. உனக்காக ஜெபிக்கறோம்.”

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தேன். அடுத்த கப்பல். அதற்கடுத்த கப்பல். ஸ்டீனாவின் மாமனார், கிளி.

“நான் காத்திட்டிருக்கல ஐயா” என்றேன்.

“என்னம்மா?”

“ரொம்ப நாளாவே காத்திட்டிருக்கல. அவர் செத்துட்டார்.”

அந்த வார்த்தை அந்த அறைக்குள் அதற்குமுன் சொல்லப்பட்டிருக்குமா என்று தெரியவில்லை. ஒரு மூப்பர் தன் கைகளைப் பார்த்தார். லோரென்ட்ஸ் ஐயா மெதுவாகக் கேட்டார்: “உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“அப்புறம்?”

“சீட்டும் சொல்லல, கப்பல்காரங்களும் சொல்லல. கொன்ராட் அண்ணன் பட்டாணியப் பார்த்துப் பேசிட்டுப் போயிட்டார். யாராவது ஒருத்தர் சொல்லணுமில்ல ஐயா? அவருக்குன்னு ஒருத்தி இருந்தா அவதானே சொல்லணும்? நான் சொல்றேன்.”

என் குரல் நன்றாக இருந்தது. சந்தையில் முட்டை விலை சொல்வது போல இருந்தது. கொலைகாரியாக இருப்பேன் என்று பயந்திருந்தேன். அப்படியும் இல்லை.

“சீட்டை மீறி நான் வெள்ளை நாடா குடுக்க முடியாது” என்றார் அவர். அவர் கண்கள் நனைந்திருந்தன. எனக்கு அது விநோதமாக இருந்தது, யாரோ என் வேலையைச் செய்வது போல. “என்னால மட்டுமில்ல, யாராலயும் முடியாது. உனக்குப் புரியுதா?”

“புரியுது. நாடா கேக்கல.”

“வேற என்ன கேக்கற?”

சுவரோரத்திலிருந்து பெனிக்னா அம்மா, “அவளுக்குப் பசிக்குது, கூட்டிட்டுப் போறேன்” என்றார். எனக்குப் பசிக்கவில்லை. போனேன்.

விருந்து நாளன்று மதியம் கொம்பு ஊதினார்கள், துக்க ராகமில்லை, அழைக்கும் ராகம். நீல நாடாவைக் கட்டிக்கொண்டேன், என்னிடம் வேறு நாடா இல்லாததால். தெருவில் தம்பதியர் ஜோடி ஜோடியாக வந்து, கூடத்து முற்றத்தில் பிரிந்தார்கள். ஆண்கள் மேற்கே, நாங்கள் கிழக்கே. உள்ளே தேநீர் வாசனை, புது மணலின் வாசனை. தம்பதியர் விருந்துக்கு விதவைகளும் வந்து சன்னலோரம் உட்காருவது வழக்கம். அவர்களும் ஒரு காலத்தில் ஜோடிகள்தான்.

ஸ்டீனா என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து, காலி இடத்தை உள்ளங்கையால் தட்டினாள். கோபமெல்லாம் போயிருந்தது. “வா, வா, சூடு பண்ணி வச்சிருக்கேன்” என்று உதட்டசைத்தாள். நான் அவள் முழங்காலைத் தாண்டி, அவளுக்கு அடுத்தவளின் முழங்காலைத் தாண்டி நடந்தேன். அவள் கை தட்டிய இடத்திலேயே இருந்தது. “ஏய், எங்கடீ போற?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டாள். ஆண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின.

விதவைகளின் வரிசையில் வெள்ளை நாடாக்களுக்கு முன்னால் நின்றேன். என் நாடாவைப் பார்த்தார்கள். ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளிடம், “இது நீலமா, இல்ல என் கண்ணுதான் சரியில்லையா?” என்று கேட்டாள்.

“நீலம்தான். தள்ளி உட்காருங்க” என்றார் பெனிக்னா அம்மா.

“சீட்டுல வரலையே?”

“வரல. பெஞ்சுல எடம் இருக்கு. தள்ளு.”

தள்ளினார்கள். உட்கார்ந்தேன். மேசைக்குப் பின்னால் லோரென்ட்ஸ் ஐயா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்துவந்து என்னைத் திருப்பி அனுப்பலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. கூடம் முழுவதும் அதற்காக அசையாமல் இருந்தது. அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைத் தேடுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து பார்த்தால் மேசை வேறு பக்கமாகத் தெரிந்தது. சன்னலின் குளிர் கழுத்தின் ஒரு பக்கத்தில் பட்டது. மறுபக்கத்தில் பெனிக்னா அம்மாவின் தோள், கனமாக, அடுப்பு மாதிரி. எனக்குத் துக்கம் வரும் என்று காத்துப் பார்த்தேன். வரவில்லை. வருமென்றால் வரட்டும், ஏழு வருடம் கழித்து முள்ளங்கியோடு வரட்டும்.

பாட்டு தொடங்கியது. எங்கள் வழக்கப்படி முதல் வரியை ஆண்கள் பாடினார்கள், பதில் வரி எங்களுடையது. ஆண்களின் குரல்கள் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து கூரை வரை போய் நின்றன. எங்கள் வரி வந்தபோது எனக்கு வார்த்தை மறந்துவிட்டது. பெனிக்னா அம்மா முழங்கையால் இடித்தார்.

“பாடு” என்றார்.

வார்த்தை தெரியாமலே வாயைத் திறந்தேன்.